இருண்ட திரையும் எஞ்சிய பொருளும்: ‘தி சோப்ரானோஸ்’ தொடரின் இறுதிக் காட்சியும் பார்வையாளர் எதிர்வினை வரலாறும்

2007ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு, அமெரிக்காவின் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் ‘தி சோப்ரானோஸ்’ என்னும் குற்றத் தொடரின் 86ஆவது பகுதி ஒளிபரப்பாயிற்று. அதுவே தொடரின் இறுதிப் பகுதி. ஏறத்தாழ 1 கோடியே 19 இலட்சம் பேர் அதனைக் கண்டனர். பகுதி முடியும் தறுவாயில், பாட்டு ஒலித்துக்கொண்டிருந்த வேளையில், தலைமை மாந்தன் தலை நிமிர்ந்து பார்க்கும் கணத்தில், படமும் ஒலியும் ஒருங்கே அற்றுத் திரை கருமையாயிற்று. ஏறத்தாழப் பத்து நொடிகள் ஒன்றுமில்லை. பின்னர்ப் பங்கேற்றோர் பெயர்கள் இசையின்றி ஓடின. அந்தப் பத்து நொடிகளில் பலர் தம் வீட்டுக் கேபிள் இணைப்புப் பழுதாகிவிட்டதென்றே எண்ணினர்.

தமிழாய்வு இதழொன்றில் இப்பொருள் புறம்பானதாகத் தோன்றக்கூடும். ஆயினும் முடிவு சொல்லாமல் விடப்பட்ட பனுவலை அதன் நுகர்வோர் என்ன செய்தனர், ஆசிரியன் கூற்றுக்கும் பனுவலுக்கும் முரண் தோன்றியபோது எதனைச் சான்றாகக் கொண்டனர் என்னும் வினாக்கள் உரைமரபில் பயின்றோர்க்கு அயலானவை அல்ல. ஓராயிரம் ஆண்டுக்கால உரைகளின் வழியே நாம் ஊகித்தறியும் ஒரு நிகழ்ச்சியை, அதாவது பனுவல் ஒன்றைச் சுற்றி உரைகள் திரள்வதை, இங்கே நாள், ஆண்டு வாரியாகக் காண முடிகிறது. இக்கட்டுரை அவ்வரலாற்றை முறைப்படுத்திக் கூறி, அதில் பெரும்பான்மையோர் இன்று ஏற்றுக்கொண்டுள்ள ஒரு முடிபினை மறுக்க முற்படுகிறது.

தொடரும் இறுதிக் காட்சியும்

தொடரைப் படைத்தவர் டேவிட் சேஸ். 1999 ஜனவரி 10இல் தொடங்கி ஆறு பருவங்களாக அது வெளிவந்தது. நியூ ஜெர்சி மாநிலத்தில் வாழும் இத்தாலிய அமெரிக்கக் குற்றக்குழுத் தலைவனான டோனி சோப்ரானோ, மயங்கி விழும் நோய்க்காக மனநல மருத்துவரை நாடுவதில் கதை தொடங்குகிறது. கொலை, வட்டித்தொழில், கப்பம் ஆகியவற்றால் வாழ்பவன் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கும் மகனின் மனச்சோர்விற்கும் கவலைப்படும் குடும்பத் தலைவனாகவும் இருக்கிறான். 2004ஆம் ஆண்டு சிறந்த தொடர்நாடகத்திற்கான எம்மி விருதினைப் பெற்றபோது, அவ்விருதினை வென்ற முதல் கேபிள் தொடர் என்னும் சிறப்பு இதற்கு வாய்த்தது. சேஸ் தாமே இயக்கியவை முதற் பகுதியும் இறுதிப் பகுதியும் மட்டுமே என்பது கருதத்தக்கது.

இறுதிக் காட்சி புளூம்ஃபீல்டு நகரிலுள்ள ‘ஹோல்ஸ்டன்ஸ்’ என்னும் ஐஸ்கிரீம் கடையில் படமாக்கப்பட்டது. இத்தாலிய அமெரிக்கரை இழிவுபடுத்தும் தொடர் எனக் கருதி அந்நகர மன்றம் படப்பிடிப்பிற்கு முதலில் இசைவு மறுத்துப் பின்னர் இணங்கியது. காட்சியில் நிகழ்வது மிகச் சிறிது. டோனி வந்தமர்கிறான், மேசையிலுள்ள பாடற்பெட்டியில் ‘ஜர்னி’ குழுவினரின் 1981ஆம் ஆண்டுப் பாடலொன்றைத் தெரிவு செய்கிறான். மனைவி கார்மெலா வருகிறாள், மகன் ஏ.ஜே. வருகிறான். வெங்காய வளையங்கள் மேசைக்கு வருகின்றன. நல்ல நேரங்களை நினைவிற்கொள் என்று முன்னொருகால் தந்தை சொன்னதை மகன் நினைவூட்ட, தான் அவ்வாறு சொன்னதையே தந்தை மறந்திருக்கிறான். மேலங்கி அணிந்த ஒருவன் கடையினுள் வந்து, இவர்களை நோக்கியவாறிருந்து, பின் கழிப்பறைக்குள் செல்கிறான். வெளியே மகள் மெடோ வண்டியை ஓரங்கட்ட முடியாமல் மீண்டும் மீண்டும் முயல்கிறாள்; பின் கடையை நோக்கி ஓடி வருகிறாள். கதவு மணி ஒலிக்கிறது. டோனி நிமிர்கிறான். நிறுத்துதலைக் குறிக்கும் சொல்லில் பாடலும் அறுபடுகிறது.

வந்தவள் மகளா, கழிப்பறையிலிருந்து மீண்டவன் கொலைஞனா, டோனி இறந்தானா, இரவுணவு உண்டு வீடு திரும்பினானா என்பது காட்டப்படவில்லை.

முடிவு பற்றிய பழைய உடன்படிக்கை

அன்றிரவு எழுந்த சினத்தை விளங்கிக்கொள்ள, அமெரிக்கக் குற்றக்கதை தன் நுகர்வோரோடு செய்துகொண்டிருந்த எழுதப்படாத உடன்படிக்கையை அறிதல் வேண்டும். உண்மையில் அது ஒருகாலத்தில் எழுதப்பட்டே இருந்தது. 1930இல் வகுக்கப்பட்டு 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட ஹாலிவுட் தயாரிப்பு விதித்தொகுப்பு, குற்றத்தின்பால் பார்வையாளர் பரிவு கொள்ளுமாறு படம் அமைதல் கூடாதென விதித்தது. 1968 வரை அது வழக்கில் இருந்தது. 1952இல் வானொலி, தொலைக்காட்சி நிலையத்தார் சங்கம் தொலைக்காட்சிக்கும் இத்தகைய நெறித்தொகுப்பொன்றை நடைமுறைப்படுத்தியது. குற்றவாளி இறுதியில் வீழவேண்டும் என்பது சுவைஞரின் இயல்பான எதிர்பார்ப்புப் போல் நமக்குத் தோன்றினும், அதனைத் தணிக்கையும் வணிகமும் சேர்ந்தே வளர்த்தன.

1932இல் வெளிவந்த ‘ஸ்கார்ஃபேஸ்’ இதற்குத் தக்க சான்று. அதன் தலைவன் பெயரும் டோனியே. காவலர் குண்டுக்கு அவன் இரையாகும் முடிவு தணிக்கையாளர்க்குப் போதவில்லை. நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றுத் தூக்கிலேறுவதாக வேறொரு முடிவும் எடுக்கப்பட்டது. அம்மாற்று முடிவில் தலைமை நடிகர் பால் மியூனி தோன்றவில்லை. தலைவன் முகமே காட்டப்படாமல் அவனுக்குத் தண்டனை மட்டும் நிறைவேறுகிறது. ‘தி பப்ளிக் எனிமி’ (1931) படத்திலோ குற்றவாளியின் உடல் தாய்வீட்டு வாயிலில் கொண்டுவந்து நிறுத்தப்படுகிறது. இப்படத்தைத் தன் தாய் இறந்த நாள்களில் டோனி சோப்ரானோ தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருப்பதாக 2001ஆம் ஆண்டுப் பகுதியொன்றில் சேஸ் அமைத்துள்ளார். உடன்படிக்கையை அவர் நன்கறிவார். தம் தலைவனுக்கும் அதனைக் காட்டியே வைத்திருந்தார்.

தொலைக்காட்சித் தொடர்க்கு முடிவு என ஒன்று இருத்தல் வேண்டுமா என்பதே நெடுநாள் ஐயமாக இருந்தது. மறு ஒளிபரப்பால் வருவாய் ஈட்டும் தொழிலில், கதை முடிந்துவிட்டால் பழைய பகுதிகளை யார் பார்ப்பர் என்னும் அச்சம் உண்டு. 120 பகுதிகள் ஓடிய ‘தி ஃபியூஜிட்டிவ்’ 1967 ஆகஸ்டு 29இல் அதனை உடைத்தது. மனைவியைக் கொன்றதாகப் பழி சுமத்தப்பட்ட மருத்துவர் கிம்பிள், உண்மைக் கொலைஞனான ஒற்றைக்கையனைக் கண்டு பழி நீங்குகிறார். அவ்வேளையில் அமெரிக்காவில் இயங்கிக்கொண்டிருந்த தொலைக்காட்சிப் பெட்டிகளுள் 72 விழுக்காடு அப்பகுதியையே காட்டின. குற்றம் யாருடையது என்பது இறுதியில் வெளிப்படும், அதற்காகக் காத்திருப்பது வீண்போகாது என்னும் நம்பிக்கை அவ்விரவில் நிலைபெற்றது. நாற்பது ஆண்டுகள் கழிந்து சேஸ் மீறியது இந்நம்பிக்கையைத்தான்.

முதல் எதிர்வினை

ஒளிபரப்பு முடிந்தவுடன் எச்.பி.ஓ. நிறுவனத்தின் இணையதளம் வருகையாளர் மிகுதியால் செயலிழந்தது. கேபிள் நிறுவனங்களுக்கு முறையீடுகள் சென்றன. இவற்றை நகைச்சுவைச் செய்தியாகவே பின்வந்தோர் எடுத்தாள்கின்றனர். எனக்கோ அவை முதன்மையான சான்றாகப் படுகின்றன. பனுவல் முடிந்ததா அல்லது வந்துசேரும் வழியில் அறுந்ததா என்று நுகர்வோர் அறிய முடியாமற்போன நிலை அரிது. ஏட்டின் இறுதி ஓலைகள் சிதைந்தனவா, புலவன் அவ்வளவில்தான் நிறுத்தினானா எனத் திகைக்கும் பதிப்பாசிரியன் நிலை அது. கருமையைப் பொருளாகக் கொள்வதா, குறையாகக் கொள்வதா என்னும் முதல் வாசிப்பே அவர்களுக்குப் பொறியின்பாற்பட்ட ஐயமாக வந்தது.

அடுத்து எழுந்தது ஏமாற்றப்பட்ட உணர்வு. எட்டாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தோர்க்கு ஆசிரியர் கடன்பட்டவர் என்னும் எண்ணம் அதில் உண்டு. சேஸ் ஒளிபரப்பிற்கு முன்பே பிரான்சு நாட்டிற்குச் சென்றுவிட்டார். அங்கிருந்து அவர் நேர்காணல் அளித்தது நூவர்க் நகரின் ‘தி ஸ்டார் லெட்ஜர்’ நாளிதழின் ஆலன் செப்பின்வால் ஒருவருக்கே. விளக்கவோ, தற்காக்கவோ, சேர்த்துரைக்கவோ தமக்கு விருப்பமில்லை என்றும், காட்சியில் எல்லாம் உள்ளது என்றும் அவர் அதில் குறிப்பிட்டார். டோனி காலையில் வீட்டு வாயிலிலிருந்து எடுத்துச் செல்லும் நாளிதழ் அதுவே. (2025 பிப்ரவரியில் அதன் அச்சுப் பதிப்பு நின்றுபோயிற்று.)

அதே ஜூன் மாதத்தில், குடியரசுத் தலைவர் வேட்பாளர் தேர்வுக் களத்தில் இருந்த ஹிலாரி கிளிண்டன் தம் கணவருடன் உணவகத்தில் அமர்ந்து இக்காட்சியைப் போலச் செய்த படமொன்றைப் பரப்புரைக்காக வெளியிட்டார். வெங்காய வளையங்களுக்கு மாற்றாகக் காரட் துண்டுகள், இறுதியில் கருமை. எந்த விளக்கமும் இன்றி நாட்டினர் அதனைப் புரிந்துகொள்வர் என்று ஓர் அரசியல் பரப்புரைக் குழு துணிந்தது. சினமூட்டிய காட்சி சில நாள்களுக்குள் பொதுவழக்காகிவிட்டதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

உரைகள்

எச்சம் என்பதனைத் தொல்காப்பியம் செய்யுளுறுப்பு முப்பத்து நான்கனுள் ஒன்றாக வைத்து எண்ணும். சொல்லாலோ குறிப்பாலோ பின்னர் முடித்துக்கொள்ளப்படுவது அது. எஞ்சி நிற்பதும் உறுப்பே, குறையன்று என்னும் இக்கருத்து, ஹோல்ஸ்டன்ஸ் காட்சிக்கு எழுந்த உரைகளை வகுத்துக் காண உதவுகிறது.

சினம் தணிந்தபின் எழுந்த உரைகளுள் வலிமை வாய்ந்தது, டோனி இறந்தான் என்பது. இவ்வுரையினர் மூன்று குறிப்புகளை எடுத்துக்காட்டுவர். முதலாவது, படத்தொகுப்பின் ஒழுங்கு: மணி ஒலிக்க, டோனி நிமிர, அவன் கண்வழியே வருபவரைக் காண்கிறோம். இவ்வொழுங்கு திரும்பத் திரும்ப வருகிறது. ஆதலின் இறுதி மணிக்குப்பின் அவன் கண்ட காட்சியே கருமை என்பர். இரண்டாவது, அதே ஆண்டு ஏப்ரலில் வந்த பகுதியொன்றில் படகில் அமர்ந்து உரையாடும் மைத்துனன் பாபி, சாவு வரும்போது ஒலிகூடக் கேளாது போலும் எனக் கூறியது. இறுதிக்கு முந்திய பகுதியில் அதனை டோனி மீள நினைக்கிறான். மூன்றாவது, கழிப்பறைக்குச் செல்லும் மனிதன்: ‘தி காட்ஃபாதர்’ (1972) படத்தில் மைக்கேல் துப்பாக்கியை எடுத்து வருவது உணவகக் கழிப்பறையிலிருந்துதான். 2008இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த நீண்ட உரையொன்று இவற்றையெல்லாம் சட்டகம் சட்டகமாக நிறுவ முயன்றது. பதவுரைக்குரிய உழைப்பும், ஓரிடத்தும் ஐயம் கொள்ளாத உரைகாரர்க்குரிய பிடிவாதமும் அதில் உண்டு.

இடைச்செருகலும் நிகழ்ந்தது. மேலங்கி அணிந்தவன், கொல்லப்பட்ட பகைவன் ஃபில் லியோட்டார்டோவின் உறவினன் என்றும், முன்னைய பருவத்தில் தோன்றியவன் என்றும், கடையில் இருந்த ஏனையோரும் பழைய பகுதிகளில் வந்தவர்களே என்றும் ஒரு செய்தி அந்நாள்களில் பரவிற்று. அது பொய். பங்கேற்றோர் பட்டியலில் அவனுக்குப் பெயரே இல்லை. அணிந்திருந்த மேலங்கியால்தான் சுட்டப்படுகிறான். பொருள் முடியாத இடத்தில் சான்றைப் புனைந்தேனும் முடிக்க விழையும் மனம் ஓலைச்சுவடிக் காலத்திற்கு மட்டும் உரியதன்று.

மற்றோர் உரை, அவன் இறந்தானா என்பது பொருளன்று என்பது. கதவு மணி ஒலிக்குந்தோறும் நிமிர்ந்து பார்க்கும் வாழ்வே அவன் பெற்ற தண்டனை. அவ்வச்சத்தைச் சில நிமிடங்கள் நம்மையும் பட்டறியச் செய்து காட்சி முடிகிறது என்பர் இவ்வுரையினர். மகள் வண்டியை நிறுத்தும் எளிய செயலைக் கண்டு நாம் நடுங்குகிறோமே, அதனை இவ்வுரையே நன்கு விளக்குகிறது. முதலுரை அந்நடுக்கத்தைக் குறிப்புகளின் பட்டியலாக மாற்றிவிடுகிறது. மெய்ப்பாட்டை விட்டுத் துப்பறியும் உரை அது.

ஆசிரியன் கூற்று

சார்லசு டிக்கன்சு 1870இல் இறந்தபோது ‘எட்வின் டுரூட்’ என்னும் புதினத்தின் பன்னிரண்டு பகுதிகளுள் ஆறே எழுதப்பட்டிருந்தன. கொலைஞன் யார் என்னும் வினா தங்கிவிட்டது. 1914 ஜனவரியில் இலண்டனில் அப்புதினத்தின் மாந்தன் ஜான் ஜாஸ்பரைக் குற்றவாளிக் கூண்டிலேற்றி விளையாட்டாக ஒரு வழக்கே நடத்தினர். செஸ்டர்டன் நடுவர், பெர்னாட்சா சான்றாயர் தலைவர். அங்கே ஆசிரியர் மறைந்தவர், வாய் திறக்கார். சேஸோ உயிரோடிருந்து வாய் திறக்க மறுத்தவர். பின்னர்ச் சிறிது சிறிதாகத் திறந்தவர். சிக்கல் இங்குதான் தோன்றுகிறது.

2014 ஆகஸ்டில், டோனி இறக்கவில்லை எனச் சேஸ் தம்மிடம் கூறியதாகத் திரைப்பட ஆய்வாளர் மார்த்தா நாச்சிம்சன் எழுதினார். அவர் கூற்றுப் பிழைபடப் பொருள்கொள்ளப்பட்டது எனச் சேஸ் தரப்பினர் உடனே அறிவித்தனர். இறந்தானா இல்லையா என்பது கருத்தன்று என்பதும் அவ்வறிவிப்பில் இருந்தது. 2019இல் மாட் சோலர் சைட்ஸும் செப்பின்வாலும் எழுதிய நூலில், உரையாடலினூடே அக்காட்சியைச் ‘சாவுக் காட்சி’ என்று சேஸ் தம்மையறியாமல் குறிப்பிட்டுவிட, நூலாசிரியர்கள் அதனைச் சுட்டிக்காட்டினர். 2021இல் அளித்த நேர்காணலில், டோனி லிங்கன் சுரங்கப்பாதை வழியே நியூயார்க்கிற்கு ஒரு சந்திப்பிற்குச் சென்று கொல்லப்படுவதாகத் தாம் முதலில் எண்ணியிருந்ததையும், பின்னர் ஒரு சிறு உணவகத்தைக் கண்டு எண்ணம் மாறியதையும் அவர் கூறினார். தம் தலைவன் குருதி சிந்தி மடிவதைக் காண மக்கள் அவ்வளவு விழைந்தது தமக்கு வருத்தமளித்தது என்பதும் அவ்வுரையாடலில் வெளிப்பட்டது.

இவற்றைக் கொண்டு வழக்கு முடிந்தது எனப் பலரும் எழுதினர். இம்முடிபு ஏற்கத்தக்கதன்று. சுரங்கப்பாதைக் காட்சி எழுதப்படாத கருத்து, படமாக்கப்படவில்லை, ஒளிபரப்பாகவுமில்லை. பாடவேறுபாடு என்னும் தகுதிகூட அதற்கு இல்லை; பாடவேறுபாட்டிற்கு ஏடேனும் வேண்டும். ஒருகால் கருதியதை ஆசிரியன் கைவிட்டான் என்பது, கைவிட்ட கருத்தே பனுவலின் பொருள் என்பதற்குச் சான்றாகாது. எதிர்மாறாக, அதனைச் சொல்லாதிருக்க அவன் தெரிந்தே முடிவு செய்தான் என்பதற்கே சான்றாகும். மேலும், 2007இல் எதனையும் சேர்த்துரைக்க மறுத்த அதே ஆசிரியரின் 2021ஆம் ஆண்டு நினைவுகளை முன்னதைவிட மேலான சான்றாகக் கொள்வதற்கு என்ன நியாயம்? பதினான்கு ஆண்டுகளாக ஒரே வினாவை எதிர்கொண்டவர் கூறும் விடையில், வினவியோரின் வேட்கையும் கலந்திருக்கும். உரைகள் திரண்டு ஆசிரியனையும் ஓர் உரையாசிரியனாக்கிவிட்டன. அவருரை மதிக்கத்தக்கது, ஆயினும் அதுவும் ஓர் உரையே.

முதல் இரவில் சினந்தோரை நுட்பமறியாதவர் எனப் பிற்காலத் திறனாய்வு ஒதுக்குவதையும் ஏற்றுக்கொள்வதற்கில்லை. அவர்கள் ஏதோ ஒன்று பறிக்கப்பட்டதாக உணர்ந்தனர், அது உண்மை. ஒரு கொலைஞனை எட்டாண்டுகள் விரும்பியிருந்த உள்ளம், அவன் தண்டனை பெறுவதைக் கண்டால்தான் அவ்விருப்பத்தினின்று கழுவாய் பெற இயலும். சேஸ் அக்கழுவாயை வழங்கவில்லை. சாவைக் குறிப்பால் நிறுவும் முதலுரை அதனைப் பின்வழியே பெற்றுத் தருகிறது. அவ்வுரையின் செல்வாக்கிற்குப் படத்தொகுப்புச் சான்றுகளைக் காட்டிலும் இதுவே காரணம் என்பது என் துணிபு.

நிறைவுற்ற முடிவுக்கு ஒரு சான்று

ஒப்பிட ‘பிரேக்கிங் பேட்’ உதவும். 2013 செப்டம்பர் 29இல் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் கண்ட அதன் இறுதிப் பகுதியில், போதைப்பொருள் காய்ச்சும் வேதியியல் ஆசிரியன் வால்டர் ஒயிட் தன் கணக்கையெல்லாம் தீர்த்து மடிகிறான். பார்வையாளர் பெரிதும் மனநிறைவு கொண்டனர். அக்டோபர் 4இல் ஆல்புகர்க்கி நகர நாளிதழில் அவனுக்கு இரங்கல் விளம்பரம் வெளியிட்டனர். அதே மாதம் உண்மை இடுகாடொன்றில் அறநிதி திரட்டும் பொருட்டுப் போலி அடக்கமும் நடத்திக் கல்லும் நாட்டினர். தம்மவரை அங்கே புதைத்திருந்தோர் மனம் புண்பட்டு எதிர்த்தமையால் கல் பின்னர் அகற்றப்பட்டது. அம்முடிவையும் ஐயுற்றவர் உண்டு. எல்லாம் அத்துணை எளிதாக நிறைவேறுவது சாகின்றவன் கண்ட கனவாக இருக்குமேல் நன்றாயிருக்கும் என்னும் கருத்தைத் திறனாய்வாளர் எமிலி நுஸ்பாம் முன்வைத்தார். எச்சம் வைக்காத இடத்திலும் சுவைஞர் எச்சம் தேடினர்.

டோனிக்கு இரங்கல் எழுத எவராலும் இயலவில்லை. அவனாக நடித்த ஜேம்சு கண்டோல்ஃபினி 2013 ஜூன் 19இல், 51ஆம் அகவையில், உரோம் நகரில் மாரடைப்பால் இறந்தபோது, ஹோல்ஸ்டன்ஸ் கடையார் அம்மேசையை எவரும் அமராதவாறு அவருக்கென ஒதுக்கி வைத்தனர். மாந்தனுக்குச் செய்ய இயலாததை நடிகனுக்குச் செய்தனர். 2024 மார்ச்சில் அவ்விருக்கை மேசையோடு இணைய ஏலத்தில் 82,600 டாலருக்கு விலைபோயிற்று. கடையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பழைய இருக்கைகள் தேய்ந்துபோயிருந்தன.